ஆள் போகலாம், படிப்பு கூடவே போகுமா?

ஐரோப்பாவில் ஒரு நாட்டுக்காரர் இன்னொரு நாட்டில் தடையில்லாமல் வேலை பார்க்கலாம் என்ற உரிமை எழுத்தில் வந்தது 1951இல். நிலக்கரி, எஃகுச் சமூகத்தை உண்டாக்கிய பாரிஸ் ஒப்பந்தத்தின் 69ஆவது பிரிவு அது. பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறும், சுரங்கத்திலும் எஃகு ஆலையிலும் தேர்ச்சி பெற்ற ஆட்களை வேறு நாட்டுக்காரர் என்று சொல்லித் தள்ளுவதில்லை என ஒப்புக்கொண்டன. தேர்ச்சி என்ற நிபந்தனையை யோசித்துத்தான் போட்டார்கள். அன்று பிழைப்புத் தேடி வெளியே போகத் துடித்தவர்கள் தென் இத்தாலியின் ஏழை விவசாயக் கூலிகள். அவர்களிடம் உழைப்பு இருந்தது, சான்று இல்லை. அதனால் 69ஆவது பிரிவால் அவர்களுக்குப் பெரிய பயன் எதுவும் கிடைக்கவில்லை. 1946இல் இத்தாலியும் பெல்ஜியமும் தனியே செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஆளைக் கொடுத்து நிலக்கரியை வாங்கும் கணக்கில்தான் அவர்கள் பெல்ஜியச் சுரங்கங்களுக்குப் போனார்கள். 1956 ஆகஸ்ட் 8ஆம் தேதி மார்சினெல் சுரங்கத் தீயில் இறந்த 262 பேரில் 136 பேர் இத்தாலியர்.

எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தச் சுரங்கங்களில் பெரும்பாலானவற்றை மூடியும் விட்டார்கள். ஆனாலும் இன்று ஐரோப்பாவுக்குள் வேலைக்காக நாடு மாறும் மருத்துவர், ஆசிரியர், பொறியாளர் யாரைக் கேட்டாலும் அதே பழைய சிக்கலைத்தான் வேறு வார்த்தைகளில் சொல்கிறார்கள். எல்லையில் யாரும் நிறுத்துவதில்லை. போய்ச் சேர்ந்த ஊரில் தன் படிப்பும் அனுபவமும் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதில்தான் இழுபறி.

சட்டம் என்ன தருகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1957இன் ரோம் ஒப்பந்தம் இந்த உரிமையை எல்லாத் தொழில்களுக்கும் விரித்தது. 1968இல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இப்போது ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளோடு நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைனும் இதற்குள் அடக்கம். சுவிட்சர்லாந்து 2002 முதல் தனி உடன்பாட்டின் வழியாக இதில் சேர்ந்திருக்கிறது. 2004இன் வழிகாட்டுச் சட்டப்படி, ஒன்றியக் குடிமகன் ஒருவர் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு எந்த நாட்டிலும் 3 மாதம் இருக்கலாம், யாரும் கேள்வி கேட்க முடியாது. வேலை கிடைத்துவிட்டால் தொடர்ந்து இருக்கலாம். 5 ஆண்டு கழிந்தால் நிரந்தர வசிப்புரிமை. சம்பளம், பதவி உயர்வு, பணிநீக்கம், வரிச்சலுகை எதிலும் உள்ளூர்க்காரரைவிடக் குறைவாக நடத்தக் கூடாது. வேலைக்காக விசா அலுவலக வாசலில் நின்று பழகிய நமக்கு இது கனவு மாதிரித்தான் இருக்கும்.

இந்த உரிமை எவ்வளவு ஆழமாக வெட்டும் என்று உலகுக்குக் காட்டியவர் ஒரு கால்பந்து வீரர். பெல்ஜியத்தின் ழான் மார்க் போஸ்மானுக்கு லியேஜ் அணியுடனான ஒப்பந்தம் 1990இல் முடிந்தது. பிரான்சின் டன்கர்க் அணிக்குப் போக விரும்பினார். ஒப்பந்தம் முடிந்த பிறகும் பழைய அணி மாற்றுக் கட்டணம் கேட்டு வழியை மறித்தது. 1995 டிசம்பர் 15இல் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது: ஒப்பந்தம் முடிந்தவருக்கு விலை வைக்கக் கூடாது, ஓர் அணியில் இத்தனை வெளிநாட்டவர்தான் என்ற வரம்பை ஒன்றியக் குடிமக்கள்மீது சுமத்தக் கூடாது. ஐரோப்பியக் கால்பந்தின் முகமே மாறிப்போனது. தீர்ப்பு வந்தபோது போஸ்மானின் ஆட்டக்காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டிருந்தது. வழக்கு நடத்தியவர் ஒருவர், வாழ்ந்தவர்கள் வேறு பலர்.

இவ்வளவு உரிமை இருந்தும் எத்தனை பேர் போகிறார்கள்? ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட்டின் 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி, 20 முதல் 64 வயதுக்குட்பட்ட ஒன்றியக் குடிமக்களில் வேறோர் ஒன்றிய நாட்டில் வாழ்ந்தவர்கள் 3.3 விழுக்காடு மட்டுமே. ருமேனியரில் இது 18.6, ஜெர்மானியரில் 0.8. உரிமை எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்படுபவர்கள், சம்பள வித்தியாசம் யாரைத் துரத்துகிறதோ அவர்கள்தான். மியூனிக்கில் நல்ல வேலையில் இருக்கும் ஜெர்மன் பொறியாளர் லிஸ்பனுக்குக் குடிபெயரலாம்தான். பெயர்வதற்குக் காரணம் வேண்டுமே!

புறப்படுபவரின் முதல் கவலை சான்றிதழ். 2005இன் தொழில் தகுதிச் சட்டம் ஏழு தொழில்களுக்கு மட்டும் நேரடி அங்கீகாரம் தருகிறது: மருத்துவர், பொதுச் செவிலியர், பல் மருத்துவர், கால்நடை மருத்துவர், பேறுகாலச் செவிலி, மருந்தாளுநர், கட்டடக் கலைஞர். இந்த ஏழுக்கும் குறைந்தபட்சப் பயிற்சி என்ன என்று நாடுகள் முன்பே பேசி முடித்துவிட்டதால், புக்கரெஸ்ட்டில் மருத்துவம் படித்தவரின் பட்டத்தைப் பெர்லின் பாடவாரியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. மற்றத் தொழில்களின் கதை வேறு. பள்ளி ஆசிரியர், உளவியலாளர், இயன்முறைச் சிகிச்சையாளர் போன்றவர்களின் பாடத்திட்டத்தை அந்த ஊர் அதிகாரி தன் நாட்டுப் பாடத்திட்டத்தோடு ஒப்பிடுவார். பெரிய இடைவெளி தெரிந்தால் ஒரு தேர்வு எழுத வேண்டும், அல்லது அதிகபட்சம் 3 ஆண்டுவரை மேற்பார்வையில் வேலை பார்க்க வேண்டும். வழக்கறிஞர்களுக்கு 1998இல் தனிச் சட்டம் வந்தது: தன் நாட்டுப் பட்டப்பெயரிலேயே இன்னொரு நாட்டில் தொழில் நடத்தலாம், அந்நாட்டுச் சட்டத்தில் 3 ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் உள்ளூர் வழக்கறிஞராகவே ஆகலாம். 2016இல் ஐரோப்பியத் தொழில் அட்டை என்ற மின்னணு ஏற்பாடு வந்தபோது அதில் இடம்பிடித்தவை ஐந்து தொழில்கள். செவிலியரும் மருந்தாளுநரும் சரி, மலையேற்ற வழிகாட்டியும் வீட்டுத் தரகரும்கூட அதில் இருக்கிறார்கள். பள்ளி ஆசிரியர் இல்லை.

மென்பொருள்காரருக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. நிரல் எழுத எந்த நாடும் உரிமம் கேட்பதில்லை, பல நிறுவனங்களில் வேலை ஆங்கிலத்திலேயே நடக்கிறது. ஐரோப்பாவுக்குள் நாடு மாறுவது எளிது என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் இந்தத் துறைக்காரர்களாக இருப்பதற்கு இதுதான் காரணம். அவர்கள் அனுபவத்தைப் பொதுவிதியாக எடுத்துக்கொண்டு பல் மருத்துவரோ ஆசிரியரோ கிளம்பினால் முதல் மாதமே விழிக்க வேண்டிவரும்.

நேரடி அங்கீகாரம் உள்ள மருத்துவருக்கும் பாதை வாசல்வரைதான் திறந்திருக்கிறது. அதற்கு அப்பால் மொழி நிற்கிறது. ஜெர்மனியில் மருத்துவர்களுக்கான துறைமொழித் தேர்வு வழக்கமாக ஒரு மணி நேரம், மூன்று இருபது நிமிடங்களாக நடக்கிறது. முதல் இருபதில் நோயாளியாக நடிப்பவர் ஒருவர் எதிரே உட்கார்ந்திருப்பார். எங்கே வலி, எப்போதிலிருந்து, வீட்டில் யாருக்கு என்ன வியாதி என்று அவரிடம் பேசி வாங்க வேண்டும். அவர் வேண்டுமென்றே சாதாரண மக்களின் பேச்சில்தான் பதில் சொல்வார். அடுத்த இருபதில் கேட்டதையெல்லாம் மருத்துவக் கடிதமாக எழுத வேண்டும். கடைசி இருபதில் மூத்த மருத்துவர் ஒருவரிடம் அதே நோயாளியைப் பற்றி விளக்க வேண்டும். நோயாளியிடம் குடல்வால் அழற்சியைப் பேச்சுவழக்கில் பிளின்ட்டார்ம் என்று சொன்னவர் இங்கே அப்பெண்டிசிடிஸ் என்று பேச வேண்டும். பேச்சு ஜெர்மனும் லத்தீன் கலைச்சொல்லும் ஒரே நாக்கில் இடம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். பத்தாண்டு அறுவைச் சிகிச்சை செய்த கைகளுக்கும் இந்த ஒரு மணி நேரம் வியர்க்கும். இதை அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். நோயாளி சொல்வது மருத்துவருக்குப் புரியாத மருத்துவமனையில் யார் போய்ப் படுப்பார்கள்?

மொழியை எதுவரை கேட்கலாம் என்பதில் ஐரோப்பிய நீதிமன்றமே இரண்டு பக்கமும் நின்றிருக்கிறது. 1989இன் குரோனர் வழக்கில், டப்ளின் கல்லூரியொன்றில் ஓவியம் கற்பிக்க விரும்பிய டச்சுப் பெண்ணிடம் ஐரிஷ் மொழித் தேர்ச்சி கேட்டார்கள். வகுப்பு நடப்பதோ ஆங்கிலத்தில். ஆனாலும் தன் தேசிய மொழியை வளர்க்க ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு என்று நீதிமன்றம் ஏற்றது. 2000இல் ஆங்கோனேசே வழக்கு. இத்தாலியின் போல்சானோவில் ஒரு வங்கி, அந்த மாகாணத்திலேயே எழுதிப் பெறும் இருமொழிச் சான்றிதழ் ஒன்றை மட்டுமே ஏற்போம் என்றது. மொழி தெரியுமா என்று கேட்கலாம், அதை நிரூபிக்க இந்த ஒரு காகிதம்தான் என்று அடம்பிடிக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. தனியார் முதலாளியையும் இந்த உரிமை கட்டுப்படுத்தும் என்பது அந்தத் தீர்ப்பின் பெரிய விளைவு.

அலுவலகச் சுற்றலைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை, போனவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் புலம்புகிறார்கள். ஜெர்மனியில் குடியேறி இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரரின் கையெழுத்து வேண்டும். வீட்டுக்காரரோ சம்பளச் சீட்டையும் கடன் நம்பகச் சான்றையும் கேட்பார், புதிதாக வந்தவரிடம் இரண்டும் இருக்காது. ஸ்வீடனில் தனிநபர் எண் இல்லாமல் வங்கிக் கணக்கு திறப்பதே பெரும்பாடு. பெல்ஜியத்தில் சொன்ன முகவரியில் உண்மையிலேயே குடியிருக்கிறீர்களா என்று பார்க்க வட்டாரப் போலீஸ்காரர் வீட்டுக்கே வந்து மணி அடிப்பார். இவையெல்லாம் சில மாதத் தலைவலி, அதற்குப் பிறகு மறந்துவிடும்.

மறக்கக் கூடாதது பணக் கணக்கு. இதில் ஐரோப்பா செய்திருக்கும் நல்ல வேலை வெளியே அவ்வளவாகத் தெரிவதில்லை. ஒருவர் ஜெர்மனியில் 4 ஆண்டு, நெதர்லாந்தில் 6 ஆண்டு, ஸ்பெயினில் 25 ஆண்டு உழைத்தார் என்று வைத்துக்கொள்வோம். ஜெர்மன் ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 5 ஆண்டு வேண்டும். தனியாகப் பார்த்தால் அவருடைய 4 ஆண்டு வீண். 2010 மே முதல் நடைமுறையில் உள்ள 883/2004 விதி, மூன்று நாட்டு ஆண்டுகளையும் கூட்டி அவர் தகுதி பெற்றுவிட்டார் என்று சொல்கிறது. பிறகு ஒவ்வொரு நாடும் தன் பங்கை மட்டும் தருகிறது: ஜெர்மனி 4 ஆண்டுக்கு உரியதை, நெதர்லாந்தின் முதியோர் ஓய்வூதியம் ஆண்டுக்கு 2 விழுக்காடு சேருவதால் 6 ஆண்டுக்கு 12 விழுக்காட்டை, 25 ஆண்டுக்கு உரியதை ஸ்பெயின். விண்ணப்பத்தைக் குடியிருக்கும் நாட்டில் கொடுத்தால் போதும், அவர்களே மற்ற நாடுகளுக்கு அனுப்புவார்கள். ஓய்வு வயது நாட்டுக்கு நாடு வேறுபடுவதால் மூன்று தொகையும் ஒரே நாளில் வராமல் போகலாம். உலகில் வேறெங்கும் இவ்வளவு பெரிய ஏற்பாடு இல்லை என்றே நினைக்கிறேன். நிறுவனம் தனியாகத் தரும் ஓய்வூதியம் இந்த வலைக்கு வெளியே இருக்கிறது. அதில் பணியாளருக்கு உரிமை உறுதிப்பட 3 ஆண்டுக்கு மேல் காக்க வைக்கக் கூடாது என்ற சட்டமே 2018இல்தான் நடைமுறைக்கு வந்தது.

வருமான வரியில் அப்படி ஒரு பொது ஏற்பாடு கிடையாது. இதன் வேடிக்கையை லக்சம்பர்க்கில் பார்க்கலாம். அந்தச் சின்ன நாட்டில் வேலை பார்ப்பவர்களில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தினமும் பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனியிலிருந்து வந்து போகிறவர்கள். ஜெர்மனியின் ட்ரியர் நகரில் குடியிருக்கும் கணக்காளர் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய நினைக்கிறார். 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த உடன்பாட்டின்படி, வேலை நேரத்தில் பாதியை எட்டாதவரை அவருடைய சமூகக் காப்பீடு லக்சம்பர்க்கிலேயே தொடரும். வரிக்கணக்கு வேறு மாதிரி. ஆண்டில் 34 நாளைத் தாண்டினால் வீட்டிலிருந்து உழைத்த நாள்களின் சம்பளத்துக்கு ஜெர்மனியில் வரி. ஒரே சமையலறை மேசை, ஒரே மடிக்கணினி, காப்பீட்டுக்காரர் ஒரு கணக்குச் சொல்கிறார், வரிக்காரர் இன்னொன்று சொல்கிறார். நாள்குறிப்பு வைத்து எண்ணிக்கொண்டிருக்க வேண்டியது அந்தக் கணக்காளர்.

வரியை வைத்தே ஆள் பிடிக்கும் போட்டியும் நடக்கிறது. வெளியிலிருந்து வரும் நிபுணரின் சம்பளத்தில் 30 விழுக்காடுவரை 5 ஆண்டுக்கு வரியில்லாமல் விடுகிறது நெதர்லாந்து, 2027இலிருந்து அது 27 விழுக்காடு. எல்லையிலிருந்து 150 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வருபவருக்குத்தான் இந்தச் சலுகை என்பதால் பெல்ஜியத்தில் குடியிருந்து வருபவர் யாருக்கும் கிடைக்காது. ஸ்பெயின் 2005இல் கொண்டுவந்த 24 விழுக்காட்டு வரியை ஊரே கால்பந்து வீரர் பெக்காமின் பெயரால் பெக்காம் சட்டம் என்று அழைத்தது. 2015இல் விளையாட்டு வீரர்களை அதிலிருந்து நீக்கிவிட்டார்கள், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. போர்ச்சுகல் 2009இல் தொடங்கிய சலுகை, வாடகை ஏறியதில் உள்ளூர்க்காரரின் கோபத்தைக் கிளப்பி, 2024இல் புதியவர்களுக்கு மூடப்பட்டது. பக்கத்து மேசையில் அதே வேலை செய்யும் உள்ளூர்க்காரர் முழு வரி கட்டும்போது வந்தவருக்கு மட்டும் தள்ளுபடி தருவது சமத்துவத்தின் பெயரால் தொடங்கிய உரிமைக்குப் பொருந்தாது என்பது என் கருத்து.

குடும்பத்தோடு போகும்போது இன்னொரு கணக்கு இருக்கிறது, அது எந்த விதியிலும் இல்லை. வேலை ஒருவருக்குத்தான் கிடைக்கிறது. துணைவர் வேலை தேடும் உரிமையோடுதான் வருகிறார், ஆனால் அவர் ஆசிரியராகவோ வழக்கறிஞராகவோ இருந்தால் மேலே சொன்ன சான்றிதழும் மொழியும் அவரை ஓரிரு ஆண்டு வீட்டில் உட்கார வைக்கும். திரும்பிப் போகும் குடும்பங்களைக் கேட்டால் சம்பளத்தைக் குறை சொல்பவர்கள் குறைவு. கூட வந்தவரின் தொழில் செத்துப்போனதைத்தான் சொல்வார்கள்.

போனவர்களின் கதை இப்படி. அனுப்பிய ஊர்களின் கதையையும் கேட்க வேண்டும். 2004இல் பத்து நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தபோது பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் மூன்று மட்டும் உடனே கதவைத் திறந்தன. ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் 2011வரை ஏழு ஆண்டு இழுத்தன. 2005இல் பிரான்சில் ஐரோப்பிய அரசியல் சட்டத்துக்கான வாக்கெடுப்பு நடந்தபோது போலந்துக் குழாய்ப் பழுதுபார்ப்பவர் வந்து வேலையைப் பறிப்பார் என்று பூச்சாண்டி காட்டினார்கள். உண்மையில் அதிகம் இழந்தது கிழக்கு. 1989இல் ஏறத்தாழ 90 லட்சம் பேர் இருந்த பல்கேரியாவில் 2021 கணக்கெடுப்பில் 65 லட்சம் பேர். பிறப்பு குறைந்தது ஒரு காரணம், வெளியேற்றம் இன்னொன்று. ருமேனிய அரசு செலவழித்து உருவாக்கிய மருத்துவர்கள் ஜெர்மனியிலும் பிரான்சிலும் சிகிச்சை பார்த்தார்கள். 2018இல் ருமேனியா அரசு மருத்துவர்களின் சம்பளத்தை ஒரேயடியாக உயர்த்தியது. 2019இல் போலந்து 26 வயதுக்குட்பட்டவர்களுக்குக் குறிப்பிட்ட வரம்புவரை வருமான வரியே வேண்டாம் என்றது. இத்தாலியின் முன்னாள் பிரதமர் என்ரிக்கோ லெத்தா 2024இல் ஒன்றியத்துக்கு அளித்த அறிக்கையில், போகும் சுதந்திரத்தோடு சொந்த ஊரிலேயே தங்கும் சுதந்திரமும் வேண்டும் என்று வலியுறுத்தினார். பணக்கார நாடு பயிற்சிச் செலவில் ஒரு பைசாவும் தராமல் பயிற்சி பெற்றவரை எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டில் ஏழை நாட்டுக்கு ஈடு எதுவும் இல்லை. ஒன்றியத்தின் சட்டங்களில் நான் காணும் பெரிய ஓட்டை இதுதான்.

இந்த உரிமையைத் தமிழர்களும் பயன்படுத்தியிருக்கிறார்கள். 1980களிலும் 90களிலும் ஈழத்திலிருந்து அகதிகளாக ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க் போய்க் குடியுரிமை பெற்றவர்களில் கணிசமானோர் பிறகு இங்கிலாந்துக்கு மாறினார்கள். பிள்ளைகளின் ஆங்கிலக் கல்வி, கோவிலும் கடையுமாகத் தமிழர் நெருக்கம், சொந்தத் தொழில் தொடங்கும் வசதி என்று காரணங்கள் பல. 2020 டிசம்பர் 31 அன்று பிரிட்டன் அந்த வழியை மூடியது.

இன்று தமிழ்நாட்டிலிருந்து வேலைக்குப் போகிறவர்களில் பலர், உயர்தகுதி கொண்ட வெளிநாட்டவருக்கு ஒன்றியம் வைத்திருக்கும் ப்ளூ கார்டு என்ற வேலை அனுமதியில் போகிறார்கள். 2023இல் ஒன்றியம் வழங்கிய ப்ளூ கார்டுகளில் முக்கால் பங்குக்கு மேல் ஜெர்மனி கொடுத்தவை, பெற்றவர்களில் முதலிடம் இந்தியருக்கு. 2021இல் திருத்திய சட்டப்படி, 12 மாதம் கழித்து இன்னொரு ஒன்றிய நாட்டுக்கு மாறலாம். அங்கே புதிய கார்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். டென்மார்க்கும் அயர்லாந்தும் இதில் இல்லை. சென்னையிலோ மதுரையிலோ மருத்துவம் படித்தவருக்கு மேலே சொன்ன நேரடி அங்கீகாரம் கிடையாது, நாளை ஜெர்மன் குடியுரிமையே வாங்கினாலும் படிப்பு இந்தியப் படிப்புத்தான். ஒரு நாடு அதை ஏற்று, அந்நாட்டில் 3 ஆண்டு தொழில் செய்த பிறகே இரண்டாவது நாட்டில் ஒன்றியச் சட்டத்தைக் காட்டி விண்ணப்பிக்க முடியும். அப்போதும் ஒப்பீடும் தேர்வும் வரலாம்.

நாடு மாற நினைக்கும் ப்ளூ கார்டுக்காரர் இரண்டு கடிகாரங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்றியத்தின் நீண்டகால வசிப்பு அனுமதிக்கு வேண்டிய 5 ஆண்டில் வெவ்வேறு நாடுகளில் ப்ளூ கார்டில் இருந்த காலத்தைக் கூட்டிக்கொள்ளலாம், கடைசி 2 ஆண்டு மட்டும் விண்ணப்பிக்கும் நாட்டில் இருந்திருக்க வேண்டும். குடியுரிமைக்கு அந்தச் சலுகை இல்லை. ஜெர்மனியில் அதற்குப் பொதுவாக 5 ஆண்டு வசித்திருக்க வேண்டும். நாலரை ஆண்டு முடிந்த நிலையில் கூடுதல் சம்பளத்துக்கு ஆசைப்பட்டு ஆம்ஸ்டர்டாமுக்குக் குடிபெயர்ந்தால், அங்கே குடியுரிமைக்கான ஆண்டுகளை முதலிலிருந்து எண்ண வேண்டும்.